வார இறுதியில் டவுன்டவுன்: போனால் பொழுது போகுமா?

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. பார்க்கிங் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் இருபது மாடி அலுவலகக் கோபுரம், நான்கு தடச் சாலை, ஆள் அரவமே இல்லை. சிக்னல் பச்சையாகிறது, சிவப்பாகிறது; அதை மதித்து நிற்க ஒரு வண்டி கிடையாது. முனையில் இருக்கும் சாண்ட்விச் கடையில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். கதவில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர்: திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7 முதல் மதியம் 2.30 வரை. இதே நகரத்தில், இதே நேரத்தில், ஐந்து பிளாக் (இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவே உள்ள பகுதி ஒரு பிளாக்) தள்ளி, ரயில் பாதையை ஒட்டிய பழைய கிடங்குத் தெருவில் காபிக் கடைக்கு வெளியே வரிசை நிற்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு நடைபாதையில் விலக இடமில்லை.

வார இறுதியில் டவுன்டவுன் எனப்படும் நகர மையத்தின் பக்கம் போகலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைப்பது இதனால்தான். ஒருவர் முதல் தெருவைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார், இன்னொருவர் இரண்டாவது தெருவை. ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேர் வரை வாழும் நடுத்தர அமெரிக்க நகரம் எதை எடுத்தாலும், வார இறுதியில் உயிரோடு இருப்பது டவுன்டவுன் முழுவதும் அல்ல. நான்கிலிருந்து எட்டு பிளாக், அதுவும் குறிப்பிட்ட சில மணி நேரம். எந்த பிளாக், எந்த மணி என்று தெரிந்துகொண்டு போனால் அரை நாள் நன்றாகப் போகும். தெரியாமல் போனால் பூட்டிய லாபிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

ஐந்து நாள் தெரு எப்படி வந்தது

நகர மையம் வார இறுதியில் வெறிச்சோடிக் கிடப்பது ஒன்றும் இயற்கையல்ல. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சனிக்கிழமைதான் டவுன்டவுனுக்குப் பெரிய நாள். பல மாடித் துணிக்கடை, சினிமா அரங்கு, டிராம் நிறுத்தம் எல்லாம் ஒரே நாலு தெருவுக்குள் இருந்தன. 1956இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் நிறைவேறியது. மினியாபொலிஸ் அருகே ஈடைனாவில், முழுக்கக் கூரை வேய்ந்து குளிரூட்டிய சவுத்டேல் மால் திறந்தது. வீடுகள் புறநகருக்கு நகர, கடைகளும் பின்னாலேயே போய்விட்டன.

காலியான இடத்துக்கு வந்தவை வங்கி, காப்பீட்டு நிறுவனம், அரசு அலுவலகம், நீதிமன்றம். அலுவலகம் தன் தெருவிடம் கேட்பது இரண்டே விஷயம்: கார் நிறுத்த இடம், மதியச் சாப்பாடு. ஒரு காரை நிறுத்த, உள்ளே வந்து போகும் பாதையையும் சேர்த்து, ஏறக்குறைய 30 சதுர மீட்டர் வேண்டும். பல அலுவலகங்களில் ஊழியருக்குக் கிடைக்கும் இடத்தைவிட அவருடைய காருக்குக் கிடைக்கும் இடம் பெரிது. அந்த இடத்துக்காகப் பழைய கட்டடங்கள் வரிசையாக இடிபட்டன. காலையில் வண்டிகள் வேகமாக உள்ளே வரவும் மாலையில் வேகமாக வெளியேறவும் இருவழித் தெருக்கள் ஒருவழியாயின. தரைத்தளத்தில் மிஞ்சிய கடைகள் மதிய நேரத்து ஊழியரை நம்பியவை. வெள்ளிக்கிழமை மாலை அந்த ஊழியர் போனதும், தெரு தன் ஒரே வாடிக்கையாளரை இழந்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சவுத்டேலை வடிவமைத்த விக்டர் க்ருவென்தான் டவுன்டவுனைக் காப்பாற்றுவதற்கும் திட்டம் போட்டுத் தந்தார். கடைத்தெருவில் கார்களைத் தடுத்துவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் திறந்தால் மால் மாதிரியே ஆகிவிடும் என்பது கணக்கு. மிச்சிகனில் கலமாசூ 1959இலும், கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ 1964இலும் அப்படிச் செய்தன. அவற்றைப் பார்த்து ஏராளமான நகரங்கள் செய்தன. பெரும்பாலானவை பிறகு காருக்குத் திரும்பத் திறந்துவிட்டன. கலமாசூ 1998இல் ஒரு பகுதியைத் திறந்தது; ஃப்ரெஸ்னோ 2017இல் முழுவதையும். நிலைத்தவற்றில் பெயர் பெற்றவை சார்லட்ஸ்வில் (1976), போல்டர் (1977), பர்லிங்டன் (1981). மூன்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று: நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். அலுவலகத்தோடு சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வாரத்தின் ஏழு நாளும் நடந்தே வந்துவிடுகிறார்கள். காரைத் தடுத்ததால் கூட்டம் வரவில்லை. வருவதற்கு ஆள் இருந்த தெருவில் கார் இல்லாமல் போனது வசதியாயிற்று, அவ்வளவுதான்.

நெப்ராஸ்காவில் ஒமாஹா நகரத்தின் கதை இன்னும் கொஞ்சம் கசப்பு. அங்கே ஜாபர்ஸ் கேன்யன் என்று செங்கல் கிடங்குகள் நிறைந்த ஒரு பகுதி இருந்தது. உணவு நிறுவனமான கான்அக்ரா தலைமை அலுவலகம் கட்டுவதற்காக 1980களின் கடைசியில் 24 கட்டடங்களை இடித்தார்கள். பாரம்பரியச் சின்னமாகப் பதிவான பகுதிகளில் நாட்டிலேயே மிகப் பெரிய இடிப்பு அது. இடிபடாமல் பக்கத்தில் தப்பிய அதே மாதிரிக் கிடங்குத் தெருக்கள்தான் ஓல்டு மார்க்கெட். இன்று ஒமாஹாவுக்கு வருகிறவரை வார இறுதியில் எங்கே போகச் சொல்வார்கள் என்றால், அந்த ஓல்டு மார்க்கெட்டுக்குத்தான். கான்அக்ரா 2016இல் தலைமையகத்தை சிகாகோவுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டது.

கிடங்குத் தெரு ஏன் வார இறுதியில் களைகட்டுகிறது? பழமை மேல் வரும் பாசம் மட்டும் காரணம் அல்ல. கிடங்கின் தரைத்தளம் சிறு சிறு பகுதிகளாகப் பிரியும், கூரை உயரம், ஜன்னல் பெரிது. நவீன அலுவலகத்துக்கு ஒத்துவராததால் நீண்ட காலம் வாடகை குறைவாகவே இருந்தது. மேலே குடியிருப்பு, கீழே சாப்பாட்டுக் கடை என்று மாற்றுவது சுலபம். மேலே குடியிருக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் காபி குடிக்கக் கீழே இறங்குவார். தெருவுக்கு அதுதான் வேண்டும்.

பெருந்தொற்றுக்குப் பிறகு இந்த வித்தியாசம் இன்னும் துலக்கமாகிவிட்டது. ஊழியர்கள் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்ததும் மதியச் சாப்பாட்டை நம்பிய கடைகள் விழுந்தன. டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைபேசி நடமாட்டத் தரவை வைத்து வட அமெரிக்க நகர மையங்களை 2022இல் ஒப்பிட்டபோது முதலிடத்தில் வந்தது சால்ட் லேக் சிட்டி, கடைசியில் நின்றது சான் பிரான்சிஸ்கோ. தொழில்நுட்ப அலுவலகங்களை மட்டும் நம்பிய பெரிய நகரத்தைவிட, பல வகை வேலையும் பொழுதுபோக்கும் கலந்த நடுத்தர நகரம் முன்னால் நின்றது. ஆகவே பெருந்தொற்றுக்கு முன் போய்ப் பார்த்த அனுபவத்தை வைத்து இன்று முடிவு செய்யாதீர்கள். மாற்றம் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

கிளம்பும் முன் பத்து நிமிடம்

வீட்டை விட்டு இறங்காமலே ஒரு டவுன்டவுனை எடைபோட முடியும். முதலில் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, தரைமட்ட பார்க்கிங் எவ்வளவு என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கோடுகள் போட்ட மனைகள் பிளாக்குக்கு ஒன்று வீதம் இருந்தால் கால் சீக்கிரம் சலித்துவிடும். அவற்றுக்கு நடுவே, கட்டடங்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு இடைவெளி இல்லாமல் நிற்கும் வரிசை எங்காவது தொடர்ச்சியாக 300 அல்லது 400 மீட்டருக்கு இருக்கிறதா? இருந்தால் அதுதான் நீங்கள் போக வேண்டிய தெரு. நடந்தால் ஐந்து நிமிடத் தூரம். மெதுவாக வேடிக்கை பார்த்தால் ஒரு மணி நேரம்.

அடுத்து, வரைபடச் செயலியில் தெருவில் நின்று பார்ப்பது போலக் காட்டும் தெருப் படத்தைத் திறந்து கதவுகளை எண்ணுங்கள். டென்மார்க்கின் நகர வடிவமைப்பாளர் யான் கெல் பல ஆண்டு கள ஆய்வில் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: 100 மீட்டருக்கு 15 முதல் 20 கதவு இருந்தால் உயிருள்ள தெரு, இரண்டுக்குக் குறைவாக இருந்தால் செத்த தெரு. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறவருக்கு நாலைந்து நொடிக்கு ஒருமுறை கண்ணுக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்பது இதன் பின்னால் இருக்கும் எண்ணம். பிரதிபலிக்கும் கண்ணாடிச் சுவர் அறுபது மீட்டருக்கு நீண்டால் அந்த அறுபது மீட்டர் இருநூறாகத் தோன்றும். தெருப் படத்தின் மூலையில் எடுத்த மாதமும் வருடமும் இருக்கும், அதையும் கவனியுங்கள். 2019 படத்தில் இருக்கும் கடை இன்று இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பிளாக்கின் நீளத்தையும் பார்க்க வேண்டும். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் ஒரு பிளாக் 200 அடி, சால்ட் லேக் சிட்டியில் 660 அடி. அங்கே சாலையின் அகலமே 132 அடி. வரைபடத்தில் "மூன்று பிளாக்தானே" என்று தோன்றுவது முதல் ஊரில் மூன்று நிமிட நடை, இரண்டாவதில் பத்து நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட, அதுவும் நிழலில்லாமல். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த ஒரு தகவல் பல சங்கடங்களைத் தவிர்க்கும்.

கடைசிச் சோதனைதான் எல்லாவற்றிலும் கூர்மையானது. வரைபடச் செயலியில் டவுன்டவுனைப் பெரிதாக்கி "காபி" என்று தேடுங்கள். பிறகு திறந்திருக்கும் நேரத்துக்கான வடிகட்டியில் ஞாயிறு மாலை 4 மணி என்று கொடுங்கள். இருபது புள்ளிகள் மூன்றாகச் சுருங்கினால் அது ஐந்து நாள் நகரம். பன்னிரண்டு தாக்குப்பிடித்தால் ஏழு நாள் நகரம். ஏன் நாலு மணி? காலைப் பலகாரக் கூட்டம் முடிந்து, இரவுச் சாப்பாடு தொடங்காத, வாரத்திலேயே மந்தமான பொழுது அது. அந்த நேரத்திலும் கதவைத் திறந்து வைக்கிற கடைக்காரருக்குத் தன் தெருமேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். சனிக்கிழமை காலை 11 மணியை வைத்துச் சோதித்தால் எல்லா நகரமும் பாஸாகிவிடும்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். செயலியில் கூட்டம் எவ்வளவு என்று காட்டும் பட்டைகள் அந்தக் கடையின் உச்ச நேரத்தோடு ஒப்பிட்டு வரைந்தவை, ஆள் எண்ணிக்கை அல்ல. எட்டு மேசைக் கடையும் எண்பது மேசைக் கடையும் ஒரே உயரப் பட்டையைக் காட்டும். எனவே ஒரே கடையின் புதன்கிழமையையும் சனிக்கிழமையையும் ஒப்பிடுங்கள். சனி உயரமாக இருந்தால் அந்தத் தெரு உங்களுக்கானது. புதன் உயரமாக இருந்தால் அது ஊழியர்களுக்கானது. இன்னொன்று, சிறு கடைகள் குறித்து வைத்த நேரத்தை மாற்றிவிட்டுச் செயலியில் திருத்தாமல் விட்டுவிடுவார்கள். கடைசியாக யார், எந்த நாளில் படம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதைவிட ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது மேல்.

சனி வேறு, ஞாயிறு வேறு

வார இறுதி என்று சேர்த்துச் சொல்கிறோமே தவிர, டவுன்டவுனைப் பொறுத்தவரை இவை இரண்டு தனித்தனி நாட்கள். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரைதான் பெரும்பாலான நடுத்தர நகரங்களின் பொற்காலம், காரணம் உழவர் சந்தை. விஸ்கான்சினில் மேடிசன் நகரத்தின் டேன் கவுண்டி சந்தை 1972இல் தொடங்கியது. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றியுள்ள சதுரத்தில், குளிர்காலம் தவிர, சனிக்கிழமை காலைதோறும் கூடுகிறது. கூட்டம் மொத்தமும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெதுவாக நகரும். எதிர்த்துப் போக நினைத்தால் பத்தடிக்கு நான்கு பேரிடம் மன்னிப்புக் கேட்டே நேரம் போய்விடும். அயோவாவின் டெமோயினிலும் மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமை காலைகளில் கோர்ட் அவென்யூ சந்தையால் நிரம்பி வழிகிறது.

அதே டெமோயினில் கட்டடங்களை இரண்டாம் தளத்தில் கோக்கும் கண்ணாடி நடைபாலங்கள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. குளிர்காலத்தில் கோட்டு போடாமல் அலுவலகத்திலிருந்து சாப்பிடப் போக வசதியாகக் கட்டியவை. அந்தப் பாலங்களை ஒட்டிய கடைகளுக்கு வாடிக்கையாளர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை கீழே தெருவில் ஆயிரக்கணக்கில் ஆள் போய்க்கொண்டிருக்கும்போது மேலே பாலத்தில் உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும். ஒரே பிளாக், இருபது அடி உயர வித்தியாசம்.

சந்தைக்குப் போவதானால் முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடுவது நல்லது. சரக்கும் இருக்கும், பார்க்கிங்கும் கிடைக்கும். பத்தரைக்கு மேல் இரண்டும் கிடையாது. ஆனால் காலை ஏழு மணிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும்: சந்தைக்குச் சுற்றியுள்ள சில்லறைக் கடைகள் பத்து, பதினொன்றுக்குத்தான் திறக்கும். இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் ஒன்பதரைக்கு இறங்குவது சமரசமான நேரம்.

சனி மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு தொய்வு. சந்தை கலைந்திருக்கும், பல சமையலறைகள் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே மூடியிருக்கும். அருங்காட்சியகம் இருந்தால் இந்த நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். ஐந்தரைக்கு மேல் தெரு மறுபடி எழும். எட்டரை வாக்கில் சாப்பாட்டுக் கூட்டம் போய் மதுக்கடைக் கூட்டம் வரும், அப்போது தெருவின் முகமே மாறும். குடும்பத்தோடு வந்தவர்கள் எட்டரைக்குள் கிளம்புவது வழக்கம். பயத்தால் அல்ல, சத்தத்தால்.

ஞாயிறு விஷயம் கொஞ்சம் பரிதாபம். காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கிய பிரஞ்ச் கூட்டம் பத்திலிருந்து இரண்டு வரை. அதற்குப் பிறகு கடைகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைக்கும். தனியார் சிறு கடைகள் பல ஞாயிறும் திங்களும் விடுமுறை விடுகின்றன. மாலில் இருக்கும் கடைக்கு ஷிஃப்ட் போட ஆள் இருக்கிறது. டவுன்டவுன் புத்தகக் கடையையும் பாத்திரக் கடையையும் பெரும்பாலும் உரிமையாளரும் ஓர் உதவியாளரும் நடத்துகிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வு வேண்டுமென்றால் வியாபாரம் குறைந்த இரண்டு நாளைத்தானே விடுவார்கள்? அவர்கள் விடுவதால் ஞாயிறு இன்னும் மந்தமாகிறது, மந்தமாவதால் அடுத்த கடையும் விடுகிறது. அருங்காட்சியகங்கள் பல ஞாயிறன்று மதியம்தான் திறக்கும். பொது நூலகம் சில ஊர்களில் ஞாயிறு முழு விடுமுறை. ஆக, ஞாயிறுக்குக் கடைத்தெருவை நம்பாமல், பூட்ட முடியாத ஏதாவது இருக்கும் ஊராகப் பார்த்துப் போக வேண்டும்: ஆற்றங்கரை, பாலம், பூங்கா.

டென்னசி மாநிலத்தின் சட்டநூகா அதற்கு நல்ல உதாரணம். டென்னசி நதிமேல் 1890களின் தொடக்கத்தில் கட்டிய வால்நட் ஸ்ட்ரீட் பாலத்தை 1978இல் வண்டிகளுக்கு மூடினார்கள். இடிப்பதாகத்தான் இருந்தது. பிறகு பழுது பார்த்து 1993இல் நடப்பவர்களுக்குத் திறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் கரையில் டென்னசி மீன் காட்சியகம் வந்தது. பாலத்தின் நீளம் 700 மீட்டருக்குச் சற்று மேல். காட்சியகத்தில் இரண்டு மணி நேரம், பாலம் பழுதுபார்ப்புக்காக மூடியில்லாவிட்டால் அதில் போய்வர நாற்பது நிமிடம், எதிர்க்கரையில் சாப்பாடு என்று ஞாயிற்றுக்கிழமை ஓடிவிடும், ஒரு கடைகூடத் திறக்காவிட்டாலும்.

தென் கரோலினாவில் கிரீன்வில் இன்னொன்று. ஊர் மக்கள்தொகை லட்சத்தைத் தொடாது, ஆனால் சுற்றுவட்டாரம் பெரிது. 1970களின் கடைசியில் மெயின் தெருவை நான்கு தடத்திலிருந்து இரண்டாகக் குறைத்து, அகலப்படுத்திய நடைபாதையில் மரம் நட்டார்கள். மரம் வளரக் கால் நூற்றாண்டு ஆகும் என்று யாரோ அப்போதே பொறுமையாக யோசித்திருக்கிறார்கள். ஊரின் நடுவே ரீடி ஆற்றில் ஒரு அருவி உண்டு. அதன் தலைக்கு மேலேயே ஒரு வாகனப் பாலம் ஓடியதால் பல பேருக்கு அருவி இருப்பதே தெரியாது. பாலத்தை எடுத்துவிட்டு, 2004இல் வளைவான ஒரு நடைப்பாலம் கட்டினார்கள். இப்போது தெருவின் ஒரு முனையிலிருந்து நிழலிலேயே நடந்துவந்தால் அருவியில் முடிகிறது. கடைகளை மூடிய நாளிலும் நடக்க ஒரு காரணம் இருக்கிறது.

வண்டியை எங்கே விடுவது

டவுன்டவுன் என்றாலே முகம் சுளிப்பவர்களில் பாதிப் பேரின் குறை பார்க்கிங்தான். உலகின் முதல் பார்க்கிங் மீட்டரே 1935இல் ஓக்லஹோமா சிட்டி டவுன்டவுனில்தான் வைக்கப்பட்டது. கடை ஊழியர்கள் காலையில் வந்து நாள் முழுக்கக் காரை நிறுத்திவிட, வாடிக்கையாளருக்கு இடம் இல்லாமல் போனதுதான் காரணம். தொண்ணூறு வருடம் ஆகியும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கதை நடக்கிறது. பல நகரங்களில் ஞாயிறன்று தெருவோர மீட்டருக்குக் கட்டணம் இல்லை. இலவசம் என்றதும் அங்கே வேலை பார்ப்பவர்களும் குடியிருப்பவர்களும் சனி இரவே நிறுத்திவிடுகிறார்கள், வண்டி நகர்வதில்லை. இலவச இடம் தேடிச் சுற்றுவதைவிட, இரண்டு மூன்று பிளாக் தள்ளியிருக்கும் நகராட்சிப் பார்க்கிங் கட்டடத்துக்கு நேராகப் போவது மேல். அலுவலக நாளுக்காகக் கட்டியவை என்பதால் வார இறுதியில் அவை பாதி காலி.

ஆனால் எந்தக் கட்டடம் என்று பார்த்து நுழையுங்கள். மாதச் சந்தாக்காரர்களுக்கான தனியார் கட்டடங்கள் சிலவற்றில் வார இறுதியில் லிஃப்ட் ஓடாது, மாடிப்படிக் கதவு வெளியே போக மட்டும் திறக்கும், திரும்பி வரும்போது பூட்டியிருக்கும். இரவு குறிப்பிட்ட மணிக்கு ஷட்டரை இறக்கிவிடும் இடங்களும் உண்டு. நுழைவாயிலில் மூடும் நேரம் எழுதியிருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, எந்தத் தளம் என்பதையும் சேர்த்து எடுத்துவிட்டால் பிறகு குழப்பம் இல்லை. செயலியில் பணம் கட்டும்போது மண்டல எண்ணைப் பலகையில் பார்த்தே போடுங்கள். எதிர்ப்பக்கத்துக்கு வேறு எண் இருக்கலாம். ஒரு இலக்கம் மாறினாலும் பணமும் போகும், அபராதமும் வரும்.

பெரிய தவறு வெள்ளி இரவு நடப்பது. சாப்பிட வந்தவர் தெருவோரம் நிறுத்துகிறார், மது அருந்தியதால் காரை விட்டுவிட்டு வாடகை வண்டியில் போகிறார். நல்ல முடிவுதான். ஆனால் அது சனிக்கிழமைச் சந்தைத் தெருவாக இருந்தால், விடிவதற்கு முன்பே தெருவைக் காலி செய்து காரை இழுத்துப் போய்விடுவார்கள். கம்பத்தில் இருக்கும் பலகைகளை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். மரத்திலும் மீட்டரிலும் தற்காலிகமாகக் கட்டிய காகிதத் தட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். மாரத்தான், ஊர்வலம், படப்பிடிப்பு எல்லாம் அதில்தான் வரும்.

அரங்கத்தில் ஆட்டமோ கச்சேரியோ இருக்கும் நாள் தனிக் கணக்கு. தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே உணவகங்கள் நிரம்பும், பார்க்கிங் கட்டணம் நிகழ்ச்சிக் கட்டணமாக மாறும். நிகழ்ச்சி தொடங்கிய அடுத்த பத்து நிமிடத்தில் அதே உணவகங்கள் காலி. ஆட்டம் பார்க்க வராதவர்களுக்கு மேசை சுலபமாகக் கிடைக்கும் நேரம் அதுதான். ஆட்டம் முடிவதற்குள் காரை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் கட்டடத்திலிருந்து வெளியேறவே முக்கால் மணி நேரம் ஆகும்.

பேருந்தில் வருவதானால் ஞாயிறு அட்டவணையைத் தனியாகப் பாருங்கள். வாரநாளில் கால் மணிக்கு ஒன்று வரும் தடம், ஞாயிறில் மணிக்கு ஒன்றாகும், மாலையோடு நின்றும் விடும். போகும் வண்டியைவிடத் திரும்பும் கடைசி வண்டியின் நேரம் முக்கியம்.

கழிப்பறையும் பெஞ்சும்

எழுத யாரும் மெனக்கெடாத, ஆனால் ஒரு குடும்பத்தின் நாளையே தீர்மானிக்கும் விஷயம் கழிப்பறை. வாரநாளில் நூலகம், நகராட்சிக் கட்டடம், அலுவலக லாபி என்று பல கதவுகள் திறந்திருக்கும். வார இறுதியில் அவற்றில் பெரும்பாலானவை பூட்டிவிடும். மிஞ்சுவது வாடிக்கையாளருக்கு மட்டும் என்று எழுதிய காபிக் கடைதான். சில நகரங்கள் போர்ட்லண்டில் 2008இல் வந்த மாதிரியான தெருவோர உலோகக் கழிப்பறைகளை வைத்திருக்கின்றன. பூங்கா, சுற்றுலாத் தகவல் மையம், அருங்காட்சியகத்தின் முன்கூடம், உழவர் சந்தையின் தற்காலிகக் கழிப்பறை ஆகியவற்றை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையோடு போகிறவர்கள் ஓட்டல் லாபியையும் சேர்த்துக்கொள்ளலாம். வார இறுதியில் திறந்திருக்கும் லாபி அது ஒன்றுதான்.

பெஞ்சு விஷயத்தில் வில்லியம் எச். வைட் 1970களில் நியூயார்க் சதுக்கங்களைப் படமெடுத்துக் கண்டதும் நம் கண்ணுக்குத் தெரிவதும் ஒன்றே: உட்கார இடம் இருக்கும் இடத்தில் ஆட்கள் உட்காருகிறார்கள், ஆட்கள் இருக்கும் இடத்துக்கு மேலும் ஆட்கள் வருகிறார்கள். தூக்கி நகர்த்தக்கூடிய நாற்காலி போட்டிருக்கும் சதுக்கம் என்றால் அந்த ஊர் நிர்வாகம் நடப்பவர்களைப் பற்றி யோசித்திருக்கிறது என்று தாராளமாக நம்பலாம். முழங்கை வைக்க இரும்புத் தடுப்பு போட்டுப் படுக்க முடியாதபடி செய்த பெஞ்சுகளே எங்கும் தென்பட்டால் அந்த ஊர் யோசித்தது வேறொன்றைப் பற்றி.

காலித் தெருவில் நடக்கும்போது வரும் கலக்கம் குறித்தும் ஒரு வார்த்தை. ஆள் இல்லாத இடம் ஆபத்தான இடமாகத் தோன்றும், இரண்டும் ஒன்றல்ல. என்றாலும் தோன்றுவது தோன்றத்தான் செய்யும். ஒரு பிளாக்கில் திறந்த கடை ஒன்றுகூட இல்லையென்றால் அதைக் குறுக்கே கடக்காமல், கடைகள் இருக்கும் பக்கமாகச் சுற்றிப் போங்கள். இரண்டு நிமிடம் அதிகமானாலும் நடை இதமாக இருக்கும். ஒருவழிச் சாலைகளில் வார இறுதியில் வண்டி குறைவு என்பதாலேயே வருகிற வண்டி வேகமாக வரும், கடக்கும்போது கவனம்.

போய் இறங்கியபின் ஊரே பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தால் உடனே காரைத் திருப்ப வேண்டாம். முதலில் ரயில் பாதை எந்தப் பக்கம் என்று பாருங்கள், கிடங்குத் தெரு அங்கேதான் இருக்கும். அடுத்து பல்கலைக்கழகம் இருந்தால் அதை நோக்கிப் போகும் தெரு. மூன்றாவதாக ஆறு. இந்த மூன்றையும் இணைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். அப்புறமும் கண்ணில் படுவது நீதிமன்றமும் பார்க்கிங்கும் மட்டும்தான் என்றால் அந்த டவுன்டவுனுக்குச் செவ்வாய்க்கிழமை மதியம் வந்து, நல்ல சாண்ட்விச் ஒன்று சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.